விபத்து என்னும் மங்கலச் சொல்

சிவகாசி வட்டாரத்தில் வெடிச் சத்தம் கேட்ட மறுநாள் நாளிதழில் வரும் செய்திக்கு ஒரு வாய்பாடு உண்டு. மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டது, வெடி விபத்து நிகழ்ந்தது, அறைகள் தரைமட்டமாயின, இத்தனை பேர் உடல் கருகி இறந்தனர். 2012இல் முதலிப்பட்டி, 2021இல் அச்சங்குளம், 2023இல் ரெங்கபாளையம், 2024இல் செங்கமலப்பட்டி, 2025இல் சின்னக்காமன்பட்டி என்று ஊர்ப் பெயரும் எண்ணிக்கையும்தான் மாறுகின்றன. வாக்கியம் மாறுவதில்லை. தீமையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. தீது, தீங்கு, கேடு, ஊறு, ஏதம், இன்னா, கொடுமை, பொல்லாப்பு, பழி, பாவம் என்று நிகண்டுகளிலும் பேச்சிலும் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருக்க, நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்து தரும் ஒரு வட்டாரத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றைச் சொல்ல, இந்தக் குவியலில் ஒரு சொல்லைக்கூட நாம் எடுப்பதில்லை. விபத்து என்ற சொல்லோடு நின்றுவிடுகிறோம். அந்தச் சொல் இங்கே பொருந்தவில்லை என்பதும், தீமைச் சொற்கள் ஒவ்வொன்றும் செய்பவருக்கோ படுபவருக்கோ பார்ப்பவருக்கோ இடம் வைத்திருக்க இது ஒன்று மட்டும் யாருக்கும் இடம் வைக்காமல் போகிறது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் தீ என்ற ஓசை. பட்டாசு ஊரைப் பற்றி எழுதும்போது, தீயும் தீமையும் ஒரே வேரில் பிறந்தவை, ஆகவே நெருப்பைக் கையாளும் தொழிலில் தீமை இயல்பாகவே உறைகிறது என்று சொல்லத் தோன்றும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் சான்றாக நிற்காது. தீம்பால், தீஞ்சுவை, தீந்தமிழ் என்பவற்றில் வரும் தீம் என்பதற்கு இனிமை என்று பொருள். ஓசை ஒன்றாக இருப்பதே உறவுக்குப் போதும் என்றால் நெருப்பும் இனிப்பும் தீமையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகிவிடும். இலக்கணமும் வேறு வழி காட்டுகிறது. நல்ல, நன்று, நன்மை என்ற வரிசைக்கு எதிரில் தீய, தீது, தீமை என்று அச்சு மாறாமல் ஒரு வரிசை நிற்கிறது. இது பண்பைச் சொல்லும் குடும்பம். நெருப்பைக் குறிக்கும் தீயோ பொருளைச் சொல்லும் பெயர். சோறு தீய்ந்தது, மழையில்லாமல் பயிர் தீய்ந்தது என்ற வினை அதன் பக்கத்தில் நிற்கிறது. திருக்குறள், தீவினையச்சம் அதிகாரத்தில், தீயவற்றை நெருப்பைவிட மிகுதியாக அஞ்ச வேண்டும் என்கிறது. ஒன்றைவிட மற்றொன்று மிகுதி என்று ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் இரண்டாக இருந்தாக வேண்டும். ஓசையின் நெருக்கத்தை வள்ளுவர் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார், ஆனால் நெருப்பைக் குற்றவாளியாக்கவில்லை. சிலப்பதிகாரத்திலும் அப்படித்தான். மதுரையை எரிக்க ஏவும் கண்ணகி, முதியோரையும் குழந்தைகளையும் அறவோரையும் விட்டு விலகித் தீத்திறத்தாரை மட்டும் சேருமாறு நெருப்புக்குக் கட்டளையிடுகிறாள். அங்கே தீமை மனிதர் பக்கம் இருக்கிறது, நெருப்பு ஏவல் கேட்கிறது. அந்த மதுரைக்குத் தெற்கே கரிசல் காட்டில் எரியும் நெருப்புக்கு அப்படி ஒரு கட்டளை கிடைப்பதில்லை. அறைக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களை அது எடுத்துக்கொள்கிறது. ஆகவே வேர்ச்சொல் விளக்கத்தை இங்கேயே விட்டுவிடலாம். பட்டாசுத் தொழில் தீமையானது என்று நிறுவ அது உதவாது. இந்தக் கட்டுரைக்கு அந்த நோக்கமும் இல்லை.

சொற்களை நிகண்டு போல வரிசையாக அடுக்கினால் எல்லாம் ஒரு பொருளன போலத் தெரியும். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். தீங்கு என்றால் யாருக்கு என்ற கேள்வி உடனே எழுகிறது. யார் இழைத்தது என்ற கேள்வி பின்னாலேயே வருகிறது. கேடு, விளைவின் பக்கம் நின்று பேசுகிறது. அதன் வினை கெட்டது, கெடுத்தது என்று தன்வினை பிறவினையாகப் பிரிந்து, தானாக ஆனதா ஒருவர் ஆக்கியதா என்று பேசுபவரைச் சொல்ல வைக்கிறது. இன்னா என்பது முழுக்க முழுக்கப் படுபவரின் சொல்: இனிமை இல்லாதது, அதாவது அனுபவிப்பவருக்குக் கசப்பானது. இன்னா செய்யாமை என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் வைத்தபோது, செய்பவரின் எண்ணத்தை அளவுகோலாக்காமல் படுபவரின் வலியை அளவுகோலாக்கியிருக்கிறது குறள். பழி, பார்த்துக்கொண்டிருக்கும் ஊரின் சொல். பொல்லாப்பு பழைய தமிழ் பைபிளில் கனத்த சொல்லாக இருந்தது, இன்று பேச்சில் மனத்தாங்கல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இவற்றில் நின்று பார்க்க வேண்டிய சொல் பாவம். வடமொழியிலிருந்து வந்தபோது அது செய்தவரின் கணக்கில் ஏறும் சொல். அறத்துக்குப் புறம்பாக ஒருவர் செய்தது அவர் பெயரில் சேர்ந்துகொண்டே போகும் என்பது அதன் அடிப்படை. தமிழ்ப் பேச்சு அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. இன்று தெருவில் பாவம் என்று யாரைச் சொல்கிறோம்? அடிபட்டவரை, ஏமாந்தவரை, பெற்றோரை இழந்த பிள்ளையை. குற்றம் செய்தவரின் கணக்கில் இருந்த சொல் துன்பப்பட்டவரின் தலைக்கு மேல் வந்து இரக்கமாக நிற்கிறது. இது மொழியின் ஈரம் என்று கொள்ளலாம், நானும் அப்படியே கொள்கிறேன். ஆனால் இந்த இடமாற்றத்தில் ஒன்று தொலைந்துபோகிறது. கந்தகத்தில் கருகியவரைப் பார்த்துப் பாவம் என்று சொல்லும்போது, பாவத்தைச் செய்தது யார் என்ற பழைய கேள்வி அந்தச் சொல்லிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. அதைத் தாங்கிப் பிடிப்பது இழவு வீட்டின் இன்னொரு சொல். அநியாயமாப் போயிட்டாங்க என்று சொல்லி அழும் பேச்சில் அநியாயம் என்பது வெறும் அடைமொழியாக வரவில்லை. நியாயம் ஒன்று இருந்தது, அது மீறப்பட்டது என்று அந்தச் சொல் சாட்சி சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியின் ஒப்பாரியில் இருக்கும் இந்தத் துல்லியம் அச்சிட்ட செய்தியில் இல்லை.

விபத்து என்ற சொல்லும் தொடக்கத்தில் இப்படி வெறுமையாக இருக்கவில்லை. வடமொழியில் சம்பத் என்பதற்கு எதிர்ச்சொல் விபத். சம்பத்து என்றால் வளம், நலம் வந்து சேர்தல். விபத்து என்றால் அந்த நலம் அழிதல், கேடு வருதல். யாரும் நினைக்காமல் நடந்தது என்ற பொருள் அதில் இல்லை. பகைவர் சூழ்ச்சியால் வந்த அழிவும் விபத்துதான். வண்டிகளும் ரயில்களும் ஆலைகளும் வந்த காலத்தில், யாரும் வேண்டுமென்று செய்யாமல் நேரும் இழப்புக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. இந்தச் சொல் அந்த வேலைக்குப் போனது. போன இடத்தில் பழைய பொருளைக் கழற்றிவைத்துவிட்டு, தற்செயல் என்ற புதிய பொருளை உடுத்திக்கொண்டது. சாலைச் செய்திகளில்கூட இந்தப் புதிய பொருள் முழுதாக ஆள்வதில்லை. விபத்தை ஏற்படுத்திய லாரி டிரைவர் கைது என்று எழுதுகிறோம். அங்கே ஏற்படுத்திய என்ற பிறவினை இருக்கிறது, ஆகவே ஓர் ஆள் இருக்கிறார். பட்டாசுச் செய்தியில் அந்தப் பிறவினை காணாமல் போகிறது. விபத்து ஏற்பட்டது, உராய்வு ஏற்பட்டது, உயிரிழப்பு ஏற்பட்டது. மூன்று முறை ஏற்பட்டதில் ஒருமுறைகூட யாரும் ஏற்படுத்தவில்லை. கடைசி வரியில் போர்மேன் கைது என்று ஒருவர் திடீரென்று வந்து நிற்கிறார். முந்தைய வரிகளில் அவர் எதையும் செய்ததாக எழுதப்படவில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலில் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பிரிக்கிறார். சுடுகாட்டை நன்காடு என்பதும் இறந்தாரைத் துஞ்சினார் என்பதும் மங்கலம். கேட்பவரின் நெஞ்சு அதிராமல் இருக்கக் கடுமையைப் போர்த்திச் சொல்லும் பண்பு அது, அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் பேச்சில் இந்தப் பண்பு ஆழமாகவே இருக்கிறது. நெருப்புக் கங்கு பரப்பிய குழிக்கு இங்கே பூக்குழி என்று பெயர். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலில் பூக்குழி இறங்குகிறோம் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி செய்யும் இடம் தீப்பெட்டி ஆபீஸ். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவைக்குப் பெயர் மருந்து; அதையே உருட்டிக் காயவைத்தால் மணி மருந்து. நோய் தீர்ப்பதற்கும் ஆளைச் சிதறடிப்பதற்கும் ஒரே சொல் வழங்குவது இந்தத் தொழிலின் குழூஉக்குறி. நாள் முழுக்க அதைக் கையால் அள்ளுகிறவர்கள் அப்படித்தான் பேச முடியும். ஒவ்வொரு முறையும் வெடிபொருள் என்று சொல்லிக்கொண்டு யாராலும் வேலை பார்க்க முடியாது. வேலை செய்கிறவர் தம் அச்சத்தை ஆற்றிக்கொள்ளச் சொல்லும் மங்கலத்துக்கும், விசாரிக்க வேண்டியவர் தம் வேலையைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லும் மங்கலத்துக்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. பூக்குழி முதல் வகை. வெடி விபத்து இரண்டாம் வகை ஆகிவிட்டது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். தீமை என்பதற்கு எண்ணம் வேண்டாமா? தொழிலாளி சாக வேண்டும் என்று எந்த முதலாளியும் நினைப்பதில்லை; ஆலை அழிந்தால் அவருக்கும் நட்டம். மணிமேகலை பட்டியலிடும் பத்துக் குற்றங்களில் உடலால் செய்வன கொலை, களவு, காமம். சொல்லால் செய்வன நான்கு. மனத்தால் செய்வன வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி என மூன்று. இவற்றில் கவனிக்காமல் விட்டது எங்கே இருக்கிறது? பத்திலும் இல்லைதான். ஆனால் தமிழ் மரபு அத்தோடு நின்றுவிடவில்லை. குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி, சோர்வு, செய்ய வேண்டியதைக் கைநழுவ விடுதல். பத்துக் குறள்களை இதற்கென்றே ஒதுக்கி, அளவு கடந்த சினத்தைவிடவும் இது கேடானது என்று தொடங்குகிறார் வள்ளுவர். இது எப்படி வருகிறது என்பதற்கு அவர் தரும் காரணம் வியக்க வைக்கிறது: மகிழ்ச்சியின் மிகுதியிலிருந்து வருகிறது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, வியாபாரம் கூடிவிட்டது, இனி என்ன ஆகிவிடப்போகிறது என்ற நிறைவில்தான் காவல் தளர்கிறது. தீபாவளி நெருங்கி ஆர்டர்கள் குவியும் மாதங்களை இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். இதைவிட முக்கியமானது அந்த அதிகாரம் இருக்கும் இடம். அது தனிமனித ஒழுக்கத்தைப் பேசும் பகுதியில் இல்லை. பொருட்பாலில், அரசியலில், ஆளுகிறவருக்குச் சொன்னதாக இருக்கிறது. நம் காலத்துக் கவனக்குறைவு என்ற சொல் கலவை அறையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் விரலைச் சுட்டுகிறது. வள்ளுவரின் பொச்சாப்பு ஆட்சிப் பொறுப்பில் இருப்பவரைச் சுட்டுகிறது. செய்யத்தகாததைச் செய்வதாலும் கெடும், செய்யத்தக்கதைச் செய்யாமல் விடுவதாலும் கெடும் என்று வேறோர் அதிகாரத்தில் அவரே சொல்வதையும் சேர்த்துக்கொண்டால், எண்ணம் இல்லாத தீங்குக்குத் தமிழில் இடம் உண்டா என்ற ஐயம் தீர்ந்துவிடும்.

ஓர் அறையின் அளவில் இதைப் பார்க்கலாம். பட்டாசு ஆலை என்பது ஒரே கட்டடம் இல்லை. பொட்டல் நிலத்தில் இடைவெளி விட்டுக் கட்டிய சிறு சிறு அறைகளின் கூட்டம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தீ தாவாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக்கூடாது. எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்து, அதிலிருந்து மண்ணுக்குள் கம்பி இறக்கியிருக்க வேண்டும். உள்ளே போகிறவர் அதைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட்டுப் போக வேண்டும். கலந்த மருந்து மிச்சமிருந்தால் அதை மறுநாளைக்கு வைக்கக்கூடாது. ஈரம் பட்ட அலுமினியக் கலவை யாரும் தொடாமலே தானாகச் சூடேறும். இவையெல்லாம் புதிய அறிவு இல்லை. வெடிபொருள் சட்டம் 1884ஆம் ஆண்டுச் சட்டம். இப்போதைய வெடிபொருள் விதிகள் 2008இல் வந்தவை. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து நூறாண்டு கடந்துவிட்டது. இத்தனை அறிவும் கையில் இருக்கும்போது, நான்கு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேர் இருந்தார்கள் என்றால் அங்கே இருப்பது தற்செயல் இல்லை, ஒரு முடிவு. அறைகளைப் பிரித்துப் பிரித்து உள்குத்தகைக்கு விடும் வழக்கத்தைப் பற்றி ஒவ்வொரு பெரிய வெடிப்புக்குப் பின்னும் பேசப்படுகிறது. உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குகிறவர் இன்னொருவர், கூலி பீஸ் ரேட். வாடகைக்குப் பிடித்தவர் வாடகையை எடுக்க வேண்டும், எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர் கையை வேகமாக ஓட்ட வேண்டும். இந்த இரண்டு அவசரமும் ஓர் அறைக்குள் சந்திக்கும் இடத்தில் உராய்வு என்பது கடைசிக் கண்ணி மட்டும்தான்.

இன்னொரு மறுப்பு ஊரிலிருந்தே வரும். அதை மரியாதையோடு கேட்க வேண்டும். தீங்கு, கேடு என்றெல்லாம் எழுதினால் தொழிலையே கொடியது என்று முத்திரை குத்தியதாகாதா? மழை பொய்த்துப் பயிர் தீய்ந்த மண்ணில் லட்சக்கணக்கானோருக்குச் சோறு போடும் தொழில் இது. பேரியம் நைட்ரேட்டுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் போட்ட தடைகளால் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது. டெல்லியின் புகைக்கு இந்த ஊர் பழி சுமக்க வேண்டுமா என்ற கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்வதற்காக விபத்து என்ற சொல்லை ஏற்கத் தேவையில்லை. உண்மையில் அந்தச் சொல்தான் தொழிலைக் கெடுக்கிறது. எல்லா வெடிப்பும் தற்செயல் என்றால், பட்டாசு என்றாலே சாவுதான் என்று வெளியூர்க்காரர் முடிவு கட்டுவார். விதிப்படி நடக்கும் ஆலையும் உள்குத்தகைக்கு விட்ட ஆலையும் ஒரே தட்டில் நிற்கும். நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று உரிமம் தருகிற அலுவலகத்தை வைத்துத் துல்லியமாகப் பெயர் சொல்லத் தெரிந்த ஊருக்கு, தவறிய இடத்தை வைத்துப் பெயர் சொல்வது முடியாத காரியம் இல்லை. தொழிலாளர்களும்தான் விதியை மீறுகிறார்கள் என்பார்கள். மீறுவதுண்டு, வீட்டில் கருந்திரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விதியை மீறினால் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும், மீறாவிட்டால் அடுத்த வாரம் வேலை இருக்காது என்ற நிலையில் ஒருவர் செய்யும் மீறலையும், அந்த நிலையை அமைத்தவரின் மீறலையும் தமிழ் ஒன்றாகச் சொல்வதில்லை. முன்னது பிழை, பின்னது தீங்கு.

சொல்லை மாற்றினால் வெடிப்பது நின்றுவிடுமா என்று கேட்பவருக்கு இந்த வட்டாரமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1980களில் விடிவதற்கு முன்பே கிராமங்களுக்கு வரும் வண்டிகளில் ஏறிப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். அதற்கு அன்று வழங்கிய பெயர் குடும்பத்துக்கு ஒத்தாசை. பெயர் அப்படி இருந்தவரை யாரிடமும் கணக்குக் கேட்க வழியில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியைக் குழந்தைகள் செய்யக்கூடாத வேலைகளின் பட்டியலில் சேர்த்தது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் கட்டுமாறு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. ஒத்தாசை, குழந்தை உழைப்பு என்று பெயர் மாறி, கொடுமை என்று பேசப்பட்டு, கடைசியில் குற்றமாக எழுதப்பட்டது. பெயர் மட்டும் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. சட்டமும் இயந்திரங்களும் சத்துணவும் தாய்மாரின் முடிவும் சேர்ந்து அனுப்பின. என்றாலும் அது வேறு பெயரில் எழுதப்படாமல் இருந்திருந்தால் 20,000 ரூபாயை யாரிடமும் கேட்டிருக்க முடியாது.

சட்டத்திலும் இப்போது இடம் கொஞ்சம் விரிந்திருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவு, கவனக்குறைவால் உயிர் போனால் அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டாக்கியிருக்கிறது. ஆனால் அந்த ஐந்து ஆண்டு யாரை நோக்கிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது முதல் தகவல் அறிக்கையின் முதல் வாக்கியம். அங்கே உராய்வு ஏற்பட்டது என்று எழுதிவிட்டால், விசாரணை விரலிலிருந்து தொடங்கிப் போர்மேனோடு முடிந்துவிடும்.

உராய்வு என்ற சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க இரண்டு நாட்கள் போதும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் இறந்த ஏறத்தாழ நாற்பது பேரில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு, உள்ளே சிக்கியவர்களைத் தூக்க அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அடுத்தடுத்த வெடிப்பில் போனவர்கள். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசு ஏற்றும்போது பிடித்த தீயின் புகை பக்கத்து ஸ்கேன் சென்டருக்குள் புகுந்து எட்டுப் பேர் மூச்சடைத்து இறந்தார்கள். ஒருவர் நோய் பார்க்க வந்தவர், ஒருவர் அங்கே வேலைக்கு இருந்தவர், ஒருவர் துணைக்கு வந்தவர் என்று இருந்திருப்பார்கள். முதலிப்பட்டியில் ஓடி வந்தவர் கையிலோ ஸ்கேன் சென்டரில் காத்திருந்தவர் கையிலோ மருந்து இல்லை. அவர்கள் எதையும் கலக்கவில்லை, எதையும் உரசவில்லை.